மூன்றாம் தடவையில் வந்த சம்பல் காச்சாங்

இந்தோனேசியர்களின் வேர்க்கடலைச் சம்பலை நேற்று மூன்றாம் தடவையாகச் செய்தேன், இப்போதுதான் உருப்படியாக வந்தது. முதல் இரண்டு தடவையும் கடலையை வெறும் வாணலியில் வறுத்துவிட்டு, ஏன் நம்ம சட்னி மாதிரியே இருக்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஜாவாவில் பெரும்பாலும் எண்ணெயில் பொரிப்பார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

ஒரு கப் கடலை, தோலோடு. நன்றாகச் சிவப்பதற்குச் சற்று முன்பே அரித்துவிடுங்கள், வெளியே எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே கருகும் (ஒரு தடவை கோட்டைவிட்டேன், முழுக்கக் கசப்பு). அதே எண்ணெயில் நாலு பல் பூண்டு, ஐந்து சிவப்பு மிளகாய், காரம் தாங்குமென்றால் ஏழெட்டு காந்தாரி மிளகாய். அப்புறம் கெஞ்சூர், அதாவது கச்சோலக் கிழங்கு, சுண்டுவிரல் நுனியளவு போதும். கூடினால் கஷாய வாசனைதான். குலா ஜாவா என்கிற தென்னங்கருப்பட்டிக்குப் பதில் பனங்கருப்பட்டி போட்டேன், மோசமில்லை. புளியும் உப்பும் உண்டு. புளிக்கு அங்கே பெயரே அசாம் ஜாவா, ஜாவாப் புளிப்பு!

அவர்கள் சோபெக் என்ற ஆழமில்லாத கல்லில் நசுக்குவார்கள். நான் மிக்சியில் நிறுத்தி நிறுத்திச் சுற்றினேன். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி வெண்ணெயாகிவிடும், பல்லில் கடலை நெருடவேண்டும். பரிமாறும்போது வெந்நீர் விட்டுத் தளர்த்தி, வெந்த கீரை, காராமணிக்காய், முளைகட்டிய பயறு மேல் ஊற்றினால் அதுதான் பெச்செல். மிச்சத்தை மறுநாள் தோசைக்குத் தொட்டுக்கொண்டேன்.