சிந்திய சாம்பாரும் சைக்கிள் டியூபும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பிலிருந்து இறக்கும்போது கைப்பிடித் துணி நழுவி, ஏறக்குறைய ஒரு லிட்டர் சாம்பார் சமையலறைத் தரையில் கொட்டிவிட்டது. உடனே மாப்பை எடுத்து வந்து துடைத்தேன். துடைத்தேன் என்பதைவிட, மேடைக்குக் கீழே மட்டும் கிடந்த சாம்பாரைக் குளிர்சாதனப் பெட்டி வரைக்கும் மெழுகிவிட்டேன் என்பதே பொருந்தும். பருப்பு மாப்பின் நூல்களுக்குள் புகுந்துகொள்ள, கறிவேப்பிலையைக் குனிந்து கையால்தான் பொறுக்க வேண்டியிருந்தது.

மாப்பைக் குறை சொல்வது நியாயமில்லை, ஏனெனில் அது வேறொரு தொல்லையைத் தீர்க்க வந்த கருவி. பெண்கள் முழங்காலிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஸ்பெயினில், மானுவேல் ஹலோன் என்ற விமானப்படைப் பொறியாளர், அமெரிக்க விமானக் கொட்டகைகளில் நீண்ட கோலாலும் பிழியும் உருளைகள் பொருத்திய வாளியாலும் தரை கழுவுவதைக் கண்டு, 1956இல் சரகோசா நகரில் வீட்டுக்கு ஏற்ற ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அவருக்கு முன்பே, 1953இல், அவிலேஸ் ஊரைச் சேர்ந்த தாயும் மகளும் வாளியோடு பொருத்தக்கூடிய இதே போன்ற சாதனத்தைப் பதிவு செய்திருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். இவர்கள் எல்லோரும் தீர்த்தது குனிவதையும் அழுக்குத் தண்ணீரில் கைவிட்டுப் பிழிவதையும்தான். கொட்டிய குழம்பை அள்ளுவது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது அள்ளும் கருவி. குப்பை அள்ளும் பிளாஸ்டிக் தட்டின் விளிம்பு டைல்ஸில் ஒட்டி உட்காராததால் திரவம் அடியில் நழுவிவிடுகிறது. அந்த இடைவெளியை அடைக்க, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பஞ்சர் ஒட்டும் பசையால் விளிம்பில் ஒட்டினேன். வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர், தள்ளியவுடன் மடங்கித் தட்டுக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் பிளேடால் நறுக்கி, நகத்தளவு மட்டும் நீட்டிக்கொண்டிருக்குமாறு செய்தபின், மேடை துடைக்கும் சிறிய வைப்பரால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தேன், தடையில்லாமல் ஏறியது. எண்ணெய்க்கு மட்டும் வேறு வழி: முதலில் அரிசி மாவைத் தூவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கட்டியானதை வழித்தெடுத்தால் பிசுக்கு பெரும்பாலும் போய்விடுகிறது. (மாவை வீணாக்குகிறேன் என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறார்.)

சென்ற வாரம் மகள் ஒரு தம்ளர் பாலைக் கொட்டியபோது உண்மையான சோதனை வாய்த்தது. டைல்ஸ் இணைப்புகளில் தங்கியதைத் தவிர மற்றதெல்லாம் இரண்டே தள்ளலில் தட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் தட்டையான அந்தத் தட்டைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் பாதிப் பால் மறுபடியும் தரைக்கே வந்தது. பரணில் பெயின்ட் அடிக்க வாங்கிய பழைய ட்ரே ஒன்று கிடக்கிறது. ஒருபுறம் சரிவும் மறுபுறம் ஆழமும் உள்ள அதன் விளிம்பில் டியூபை ஒட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. காய்ந்த பெயின்டைச் சுரண்டும் வேலைதான் பாக்கி.