கை நடுங்கினால் சந்தோஷம்

போன வருடம் ஒரு மாலை, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். ஒரே பின்னக் கணக்கை மூன்றாவது தடவையாக ஆரம்பித்திருக்கிறேன். "அப்பா, இது முடிஞ்சிடுச்சு" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் நோட்டை மூடிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். சுகர் மீட்டரில் 41.

வேர்வை இல்லை, படபடப்பு இல்லை, பசிகூட இல்லை. என்னைக் கேட்டிருந்தால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

பதினோரு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இன்சுலினோடு இது 27வது வருடம். ஆரம்பத்தில் சுகர் 65க்கு இறங்கினாலே உடம்பு ஊரைக் கூட்டிவிடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், பின்கழுத்து நனையும், விரல் நடுங்கும். பெரும்பாலும் அட்ரினலின் என்ற அபாய நேர ஹார்மோன் செய்கிற வேலை. டைப் 1இல், லோ ஆகும்போது, அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்கும்போது, கணையம் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனைச் சுரந்து காப்பாற்றும் வழி சில வருடங்களிலேயே பெரும்பாலும் அடைபட்டுப் போகிறது. மிச்சமிருக்கும் காவல்காரன் அட்ரினலின்தான். அடிக்கடி லோ ஆனால் அவனும் பழகிப்போய்த் தூங்கிவிடுகிறான். 65இல் எழுந்திருக்க வேண்டியவன் 50க்கும் கீழே போன பிறகுதான் புரண்டு படுக்கிறான். அதற்குள் மூளைக்குச் சர்க்கரை போதவில்லை. லோ ஆகியிருக்குமோ என்று சந்தேகப்படுவதற்கும் அதே மூளைதானே வேண்டும்?

இதில் என் பங்கும் உண்டு. எச்பிஏ1சி 6.1 என்று மார்க் ஷீட் போலக் காட்டித் திரிந்தவன் நான். அது இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரி. அடிக்கடி தரைதட்டினாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும்.

டாக்டர் ஒரே கேள்வி கேட்டார்: "லோ ஆனா முதல்ல உங்களுக்குத் தெரியுமா, வீட்ல இருக்கறவங்களுக்கா?" நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

சிகிச்சை கேட்க எளிமையானது: சில வாரங்களுக்கு 70க்குக் கீழே போகவே கூடாது. இன்சுலினைக் குறைத்து, இலக்கைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். 160ஐப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இன்னொரு டைப் 1காரருக்குத்தான் புரியும். கையில் ஒட்டியிருக்கும் சுகர் சென்சாரின் அலாரத்தை 80இல் வைத்தோம். அது தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளப்பதால், வேகமாக இறங்கும்போது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். ராத்திரி அந்தக் கையின்மேல் படுத்தால் பொய்யாகவும் அலறும். அப்புறம் எங்களுக்குள் ஒரு சட்டம்: மனைவி "பாருங்க" என்றால் வாதாடாமல் பார்க்க வேண்டும். வாதாடினால் அதுவே அறிகுறி. முதலில் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி மீட்டர், சண்டை அதற்குப் பிறகு. சாக்லேட் வேண்டாம்; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நான் நினைவிழந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, குளுக்ககான் ஊசிதான். அதைப் போட அவளும் பழகிக்கொண்டாள்.

ஏழாவது வாரம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்கழுத்து ஈரமானது. பார்த்தால் விரல்கள் நடுங்குகின்றன. மீட்டரில் 63. எத்தனை வருடமாயிற்று! குளுக்கோஸ் மாத்திரையை மென்றபடியே மனைவியிடம் கையை நீட்டிக் காட்டினேன்.

"முதல்ல உட்காருங்க" என்றாள். "இதுக்குப் போயா இப்படிச் சிரிப்பாங்க?"