சம்பளத் தாளை வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபிஸ் குமாஸ்தா. சம்பளக் கணக்கு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), இபிஎஃப் (சேமநிதி) எல்லாம் என் மேசையில்தான். மாதக் கடைசியானால் யாராவது கேட்பார்கள்: "அக்கா, எல்லாருடைய சம்பள லிஸ்ட்டையும் அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டு விடுங்களேன்." முடியாது என்று சொல்லிவிடுவேன். கோபம் வந்தாலும் சரி.

அந்தத் தாளில் ஒரு வரியைப் பாருங்கள். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், பேங்க் கணக்கு, கைப்பேசி எண், சம்பளம். ஐசியின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்; பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். குலை வெட்டும் ஓர் அண்ணனை ஒருவன் கூப்பிட்டு, பிறந்த நாளையும் போன மாதச் சம்பளத்தையும் சரியாகச் சொல்லி, "உங்களுக்கு சொக்சோ பணம் வந்திருக்கிறது, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கள்" என்றால், அவர் நம்பாமல் என்ன செய்வார்?

2017-இல் மலேசியாவில் 4 கோடியே 60 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். ஐசி எண்ணை என்ன செய்வது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. திருத்தத்துக்குப் பிறகு உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக ஏறியிருக்கிறது. 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய கசிவு என்றால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளில் ஐசி எண் போன்ற 12 இலக்கம் தெரிந்தாலே மெயிலை நிறுத்திவிடும் மென்பொருள் இருக்கிறது. எங்களிடம் இல்லை. அதனால் யாருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் தனித் தாளில் எடுத்துக் கொடுக்கிறேன். லாரிக் குத்தகைக்காரருக்கு டன் கணக்கு போதும், ஐசி எதற்கு? எக்ஸலில் கட்டத்தை மறைத்து அனுப்பினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறைத்ததை வாங்குகிறவர் இரண்டு தட்டில் திறந்துவிடுவார். தலைமை ஆபிஸுக்குப் போகும் கோப்புக்கு பாஸ்வேர்டு போட்டு, அதைப் போனில் சொல்கிறேன். அதே மெயிலில் எழுதினால் பூட்டோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்த கதைதான்.

காகிதத்தையும் விடக்கூடாது. டவுனில் ஒரு கடையில் வடை கட்டித் தந்த தாளைப் பிரித்தால், ஏதோ ஓர் ஆபிஸின் பழைய பெயர்ப்பட்டியல். எண்ணெய் ஊறியும் ஐசி எண்கள் தெளிவாகத் தெரிந்தன. இப்போது எங்கள் ஆபிஸில் பழைய செக்ரோல் (சம்பளப் பதிவேடு) எதுவும் பழைய பேப்பர்க்காரருக்குப் போவதில்லை. தாள் அரைக்கும் மெஷின் வாங்க மானேஜர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது வரும்வரை எல்லாம் இரும்பு அலமாரியில், சாவி என்னிடம்.