துடைத்தாலும் போகாத திரைக்கறை

மெலிசான ஆல்-இன்-ஒன் கணினி, அதாவது முழுக் கணினியும் திரைக்குப் பின்னாலேயே அடங்கிய ஒரே பெட்டி, வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. திரையின் கீழ் மூலையில் புகை படிந்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு வந்திருக்கிறது, எந்தத் துணியால் துடைத்தாலும் போகவில்லை, என்ன போட்டுத் துடைப்பது? எதையும் போட்டுத் துடைக்க வேண்டாம். அந்தக் கறை கண்ணாடியின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. சூடும் தூசியும் ஈரமும் சேர்ந்து மாதக் கணக்கில் மெல்ல மெல்லப் படியவைத்தது அது. "கணினியைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியவில்லை" என்று யாராவது உங்களைக் குறை சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், ஏனென்றால் பெரும்பாலும் அது உண்மையில்லை.

நான் மலேசியாவின் பினாங்கில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் பட்டுப்புடவையின் அரக்கையும் மணப்பெண்ணின் முகநிறத்தையும் திரையில் பார்த்துச் சரிசெய்வதுதான் பிழைப்பு, அதனால் திரையில் ஒரு மூலை மங்கினாலும் எனக்கு உடனே உறுத்தும். மற்றவர்கள் மின்னஞ்சல் பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிறத்தை நம்பிச் சோறு தின்பவர்களுக்கு இது விளையாட்டு விஷயமில்லை. மங்கலான இடத்தில் படம் இருட்டாகத் தெரியும், அதை வெளிச்சமாக்குவோம், அச்சில் வரும்போது அந்த இடம் மட்டும் வெளுத்துப்போய் நிற்கும்.

லெபோ பாசார் பக்கம் என் மாமா ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பேனர் எல்லாம் அங்கே ஓடும். அவருடைய ஆல்-இன்-ஒன்னில் இந்தத் திட்டு வந்தபோது, "ஏம்மா, தண்ணி கிண்ணி பட்டிருக்குமோ?" என்று கேட்டார். "இல்ல மாமா, இது உள்ள இருக்கு, காட்டுறேன் பாருங்க" என்று உட்கார்ந்தேன். முதலில் திரை முழுவதையும் வெளிர்சாம்பல் நிறமாக்கினேன். வலது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேகம், ஓரம் தெளிவில்லாமல் மெல்லக் கரைந்து போகிற மாதிரி. சுட்டியை அதன் விளிம்பில் நிறுத்திவிட்டுத் தலையை இடமும் வலமுமாக நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். சுட்டி நின்ற இடத்தில் நிற்க, கறை மட்டும் கொஞ்சம் விலகி நகர்ந்தது. அப்படியென்றால் படம் உருவாகும் தளத்துக்கும் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கணினியை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது, கறையே காணோம்.

இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். அணைத்த திரையில் டார்ச் வெளிச்சத்தில் கறை தெரிந்தால் அது கண்ணாடியின் மேலோ, கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவிலோ இருக்கிறது. திரை எரியும்போது மட்டும் தெரிந்தால் அது பின்னொளி அடுக்குகளில் இருக்கிறது.

அடுக்குகள் என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். எல்சிடி பேனல் என்பது ஒரே கண்ணாடி இல்லை. முன்பக்கம் இரண்டு துருவமுறுத்தும் படலங்களுக்கு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலங்கள்) நடுவே, படத்தை உருவாக்கும் திரவப் படிகம் இருக்கும். அதற்குப் பின்னால் ஒளியைக் குவிக்கும் மெல்லிய தாள், ஒளியைச் சமமாகப் பரப்பும் தாள், அதற்கும் பின்னால் அக்ரிலிக் பலகை, கடைசியில் ஒரு வெள்ளைத் தாள். மெலிசான திரைகளில் எல்இடி விளக்குகள் பலகையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும், அங்கிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் பலகை திரை முழுக்கக் கொண்டுபோகிறது. இந்தத் தாள்களை ஒன்றோடொன்று இறுக்கி ஒட்ட முடியாது. சூட்டில் பிளாஸ்டிக் விரியும், இடம் விடாவிட்டால் அலை அலையாக நெளிந்துவிடும். அதற்காக ஓரத்தில் விடும் சிறு இடைவெளி வழியாகத்தான் தூசியும் உள்ளே போகிறது.

இங்கேதான் சூடு வருகிறது. தனி மானிட்டரில் அதன் விளக்கும் சின்ன மின்பலகையும் மட்டுமே சூடாகும். ஆல்-இன்-ஒன்னில் முழுக் கணினியும் திரையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது: செயலி, மின்வழங்கி, விசிறி எல்லாமே. 30 பாகையில் இருக்கும் உள்காற்று 55 பாகைக்குச் சூடானால் சுமார் 8 சதவீதம் விரிந்து வெளியே போகும், இரவில் அணைத்ததும் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படிப் பேனல் ஒருமுறை மூச்சு விட்டு மூச்சு வாங்குகிறது. இது போதாதென்று விசிறி வேறு கீழேயிருந்து காற்றை உறிஞ்சிப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கறை பெரும்பாலும் மூலையிலும் ஓரத்திலும் தொடங்குவது இதனால்தான்.

மெலிசு என்பது எப்போது இவ்வளவு பெரிய பெருமையாகிப் போனது? ஆப்பிள் நிறுவனத்தின் ஆல்-இன்-ஒன்தான் ஐமேக், 2012 இறுதியில் வந்த அதன் ஓரம் 5 மில்லிமீட்டர்தான். அதோடு முன் கண்ணாடியையும் பேனலையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். அதற்கு முந்தைய அலுமினிய ஐமேக்குகளில் கண்ணாடி காந்தத்தில் நிற்கும், உறிஞ்சு கப்பை ஒட்டி இழுத்தால் கையோடு வந்துவிடும், உட்புறத்தைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டலாம். ஒட்டிய திரையில் எதிரொளி குறைந்தது, படம் கண்ணாடியின் மேலேயே இருப்பது போலத் தெரிந்தது, அதெல்லாம் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் திறக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் பசை டேப்பை அறுக்க வேண்டும், மூடும்போது புது டேப் போட வேண்டும். 2021இல் வந்த 24 அங்குல ஐமேக் முழுக்கவே 11.5 மில்லிமீட்டர்தான், ஆனால் அதில் மின்வழங்கியைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்தார்கள், சூட்டைக் குறைக்க அது உருப்படியான வழி. மற்ற நிறுவனங்களும் இதே மெலிசுப் போட்டியில்தான் இருக்கின்றன. மாமாவுடையது வேறொரு நிறுவனத்தின் கணினி, பெயர் இங்கே வேண்டாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பகலில் 32 பாகை, ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். இதைவிட ஏர்கோன் செய்யும் வேலை மோசம். கடையை 18, 19 பாகையில் குளிரவைத்து, இரவு எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். மேசையிலிருக்கும் கணினியும் அந்தக் குளிரிலேயே இருக்கிறது. இங்கே காற்றிலுள்ள ஈரம் 24 பாகைக்குப் பக்கத்திலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று வந்து குளிர்ந்த பேனலைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் உள்ளே பூக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும், தூசி மட்டும் தங்கிவிடும்.

தூசி என்றாலும் எல்லாத் தூசியும் ஒன்றில்லை. 2015லும் 2019லும் காட்டுத்தீயால் இங்கே வந்த புகைமூட்டம் ஞாபகம் இருக்கும். அந்தத் துகள்களில் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை, கணினியின் காற்றுத்துளைக்கு அவை ஒரு பொருட்டே இல்லை. மாமாவின் கடையில் காகிதத் தூள் பறக்கும், லேசர் அச்சுப்பொறியின் மைப்பொடி இருக்கும், பக்கத்துக் கடையில் பலகாரம் பொரிக்கும் எண்ணெய்ப் புகையும் வரும். எண்ணெய்ப் புகை ஒட்டும் தன்மை உள்ளது, அதன்மேல் எது விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் கடைகளில் கல்லாவும் கணினியும் ஒரே மேசையில் இருக்கும், நேர் மேலே சாமி படம் இருக்கும். தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தட்டில் சூடம். சூடம் எரியும்போது வரும் கரியைச் சுவரில் பார்த்திருப்பீர்கள், அதே கரிதான் விசிறி வழியாக உள்ளேயும் போகிறது. சாமி கும்பிடுவதை விடச் சொல்லவில்லை. கணினியை வேறு மேசைக்கு மாற்றுங்கள், அல்லது அந்த நேரத்தில் அணைத்து வையுங்கள். விசிறி நின்றிருந்தாலே பாதிப் புகை உள்ளே போகாது.

எல்லாக் கறையும் தூசி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓரமெல்லாம் மஞ்சளோ லேசான ரோஸ் நிறமோ அடித்தால், அது பெரும்பாலும் சூட்டில் படலங்களோ பசையோ பழுத்துப்போனது, எந்தச் சுத்தம் செய்தாலும் திரும்பாது. ரொம்பப் பழைய திரையிலிருந்து காடி வாடை வந்தால், துருவமுறுத்தும் படலத்தைக் காக்கும் செல்லுலோஸ் அசிடேட் சூட்டிலும் ஈரத்திலும் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். வெயில் நேராக விழுந்து ஓரிடம் கறுத்து, நிழலுக்கு மாற்றியதும் தெளிந்தால் பயப்பட வேண்டாம், திரவப் படிகம் அளவுக்கு மீறிச் சூடாகித் தற்காலிகமாகத் தன் ஒழுங்கை இழந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.

கறை வந்த பிறகு செய்யக் கூடாதவை இரண்டு. காற்று டப்பாவை வாங்கித் துளைக்குள் பீய்ச்ச வேண்டாம், ஓரத்தில் இருக்கும் தூசியை அது நடுவுக்குத் தள்ளிவிடும். விரலால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், உள்ளே தாள்கள் நகர்ந்தால் புதிதாக வெள்ளைப் புள்ளி வரும். பழுதுபார்க்கும் கடையில் பேனலைப் பிரித்துத் தாள்களைத் துடைத்துத் தருகிறேன் என்று சொன்னால், எந்த இடத்தில் வைத்துப் பிரிப்பார்கள் என்று கேளுங்கள். தெருவைப் பார்த்த மேசையில், மேலே விசிறி ஓடும் இடத்தில் பிரித்தால் ஒரு கறையைக் கொடுத்துப் பத்துத் தூசியை வாங்கி வருவீர்கள். பல கடைக்காரர்கள் பேனலையே மாற்றச் சொல்வது இதனால்தான், அவர்களை எப்போதும் குறை சொல்ல முடியாது.

வராமல் தள்ளிப்போட வழி இருக்கிறது. பின்பக்கச் சுவருக்கும் கணினிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அலமாரிக் குழிக்குள் செருகாதீர்கள். திரை வெளிச்சத்தை 100இல் வைக்கத் தேவையே இல்லை, கண்ணுக்குப் போதுமான அளவுக்குக் குறைத்தாலே எல்இடி சூடு நன்றாகக் குறையும். காற்றுத்துளைகளை மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஏர்கோனை 25க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், அதுதான் நான் மாமாவிடம் ஒவ்வொரு முறையும் சொல்வது.

இனி வாரண்டி விஷயம், எனக்குக் கோபம் வருவதே இதில்தான். மாமா கொண்டுபோன சேவை மையத்தில், "உள்ளே தூசி இருக்கிறது, இது சுற்றுச்சூழல் பாதிப்பு, வாரண்டியில் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தக் கணினியை எங்கே வைத்து விற்றார்கள்? இந்த ஊரில்தானே? இங்கே விற்கும் பொருள் இங்குள்ள காற்றைத் தாங்க வேண்டாமா? மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வழக்கமாக வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கும் வகைப் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சிறு குறைகள் இல்லாதிருப்பதும் நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்துக்குள் அடங்கும். வாரண்டிக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமை தனி. பேச்சு ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. வாங்கிய ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறை முதலில் தெரிந்த அன்றே வெளிர்சாம்பல் திரையில் ஒரு படமும், அணைத்த திரையில் டார்ச் அடித்து ஒரு படமும் தேதியோடு எடுத்து வையுங்கள். கறை உள்ளே இருக்கிறது, நீங்கள் தொட்டதால் வந்ததில்லை என்பதை அந்த இரண்டு படமும் சேர்ந்து காட்டிவிடும்.

மாமா இப்போது புதிதாக ஒன்று வாங்கப் பார்க்கிறார். ஏர்கோன் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும் கடைக்கும், புகையும் காகிதத் தூளும் உள்ள இடத்துக்கும் ஆல்-இன்-ஒன் வேண்டாம் என்றேன். சின்னப் பெட்டிக் கணினி ஒன்று, தனி மானிட்டர் ஒன்று. மேசையில் இன்னும் இரண்டு வயர் தொங்கும், அழகு கொஞ்சம் குறையும்தான், ஆனால் ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அத்தைக்கு அந்த வயர்கள் பிடிக்கவில்லை, அதற்கு மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குழாய் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.