வெறும் வயிற்றில் 98 என்றால் சுகர் இல்லையா?

‘ஃபாஸ்டிங் 98தான், எனக்குச் சுகர் இல்லை’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறவர்களில் சிலருக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 170 காட்டும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பில், கல்லீரல் வெளியே விடும் சர்க்கரையைத்தான் வெறும் வயிற்று அளவு சொல்கிறது. சாப்பிட்டது ரத்தத்தில் ஏறும்போது கணையம் எவ்வளவு சுறுசுறுப்பாக இன்சுலின் விடுகிறது, தசை அந்தச் சர்க்கரையை எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்பது அதில் தெரியாது. அதனால் குளுக்கோஸ் டெஸ்ட் யாருக்குத் தேவை என்று பார்க்க, ரத்தம் எடுக்கும் ஊசிக்கு முன்னால் இடுப்பை அளக்கும் டேப்பைக் கையில் எடுங்கள்.

சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005இல் சுகர் அபாயத்தைக் கணிக்க ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. நாலே கேள்விதான், மொத்தம் 100. வயது 35க்குக் கீழ் என்றால் 0, 49 வரை 20, அதற்கு மேல் 30. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. இரண்டில் ஒன்றாவது உடம்பை அசைப்பதாக இருந்தால் 20. இரண்டுமே இருந்தால் 0. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொட்டால் 10, அதிலிருந்து இன்னும் 10 செ.மீ. கூடினால் 20. கூட்டி 60 வந்தாலே அபாயம் அதிகம்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இடுப்பில்தான். ‘பேன்ட் சைஸ் 34’ என்பதை அளவாக எடுக்காதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். பாவாடை நாடா இறுக்கிய தடத்தின் மேல் வைத்தால் அளவு குறைந்துபோகும். மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்த கணத்தில் படியுங்கள். டேப்பைப் பார்த்ததும் வயிற்றை எக்காதவர் அபூர்வம்!

38 வயது, அம்மாவுக்குச் சுகர், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர், இடுப்பு 94. இந்த ஆணுக்கு 20, 10, 30, 10 என்று 70 வரும். வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. தினமும் வேக நடை நடந்து இடுப்பை 90க்குக் கீழே கொண்டுவந்தால் அதே ஆளுக்கு 50. எடை மெஷினில் சரியாக இருப்பவரும் இதில் மாட்டுவார். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு இன்சுலினுக்கு வேலை செய்ய வழிவிடாது. கழுத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்த தோலும் இன்சுலின் எடுபடாததன் அடையாளமாக இருக்கலாம். அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருப்பார்கள், பாவம்.

மதிப்பெண் 60 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது. இதில் சொதப்புவது முந்தைய மூன்று நாட்களில். சுகர் டெஸ்ட் ஆச்சே என்று சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு வந்தால், உடம்பு மாவுச்சத்தைக் கையாளும் பழக்கம் தளர்ந்து, அளவு பொய்யாக ஏறிக் காட்டும். வழக்கம்போலச் சாப்பிடுங்கள். முந்தின இரவு குறைந்தது 8 மணி நேரம் பட்டினி. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டும்தான். அதற்காக டீ போல ஊதி ஊதி அரை மணி நேரம் குடித்தால் கணக்குத் தப்பிவிடும். கடிகாரம் முதல் மடக்கிலிருந்து ஓடுகிறது. வாந்தி வந்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள்தான். நடுவில் மாடிப்படி ஏறுவது, சிகரெட், ஒரு பிஸ்கட் எதுவும் வேண்டாம். இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழ் சரி. 140 முதல் 199 வரை, எல்லோரும் ‘பார்டர்’ என்கிற கட்டம். 200 தொட்டால் நீரிழிவு. அறிகுறி ஏதும் இல்லையென்றால் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். விரல் குத்தும் மெஷினை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது, கையில் ரத்தக் குழாயிலிருந்து ஊசியால் எடுத்த ரத்தம் வேண்டும்.

‘மூணு மாச சராசரி’ சொல்லும் HbA1c டெஸ்ட் போதாதா என்பார்கள். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது கூட்டிக் காட்டும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் நம்ப முடியாது.

கர்ப்பத்தில் சுகர் வந்து பிரசவத்தோடு போனவர்கள் இந்த மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் டெஸ்டைத் தவிர்க்கக் கூடாது. பிரசவமாகி ஆறு வாரத்தில் எடுக்கச் சொல்வார்கள். கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று அது நின்றுபோகும். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். அன்று காலை சாப்பிடாமல் கிளம்புங்கள், இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள்.