ரோபோ கையும் பச்சை மருந்தும்: நேரம் எங்கே போகிறது?

“ஆச்சிக்கு ஆபரேஷன் எத்தனை மணி நேரம் ஆகும்?” கர்ப்பப்பைப் புற்றுநோய்க்காகக் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். மருத்துவர் இயக்கும் ரோபோ கை வேகமாக வெட்டிவிடாது. நேரம் மிச்சமாவது முன்னேற்பாட்டில்தான்.

புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவைக் கேமராவில் பச்சையாகக் காட்டும் சாயம் இண்டோசயனின் கிரீன். அதன் 25 மில்லிகிராம் தூளை 20 மில்லி ஊசித் தண்ணீரில் கரைத்து, கர்ப்பப்பை வாயில் கடிகார முகப்பில் 3 மணி, 9 மணி இருக்கும் பக்கங்களில் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கசியும். ஆத்தங்குடிக் கல்லுக்கு அச்சில் சாயம் ஊற்றும்போது தடுப்பைத் தாண்டி வழிந்தால் பூ கெட்டுப்போகும் அல்லவா, அதேபோல் கேமராவில் எல்லாமே பச்சையாகிவிடும். முதல் நிணநீர்க் கணு எது என்றே தெரியாது. ஒரு பக்கம் பச்சை ஏறவில்லையென்றால் அங்கே மறுபடி ஊசி. அப்போதும் ஏறாவிட்டால் அந்தப் பக்கக் கணுக்களை முழுவதும் எடுக்க வேண்டிவரும். நேரம் கூடுவது இங்கேதான்.

கருவிகள் நுழைய வயிற்றில் போடும் துளைகளுக்கு இடையே சுமார் 8 செ.மீ. இருக்கட்டும், நெருங்கினால் ரோபோ கைகள் முட்டிக்கொள்ளும். இடுப்புக்குள் ஓடித் தொடையை அசைக்கும் ஆப்டுரேட்டர் நரம்பைக் கண்ணால் பார்க்கும்வரை அதனருகே எதையும் சுடவோ வெட்டவோ கூடாது. அங்கே செலவாகும் நிமிடங்களை வீண் என்று நான் சொல்லமாட்டேன். எடுத்த கணுவைப் பைக்குள் போட்டே வெளியே கொண்டுவர வேண்டும். துளை வழியே அப்படியே உருவினால் புற்றணுக்கள் சிந்தலாம்.