தடைக்காலத்தில் போட்ட விண்ணப்பம்

பாம்பனில் எங்களுக்குப் பொறியியல் விண்ணப்பம் வருவது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அப்பா படகு டிரைவர். கடலுக்குப் போனால்தான் பங்கு. அதனால் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும், வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் பதிந்துவிட்டேன். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று கைமாறி வர நாளாகும்.

கட் ஆஃப் 200க்கு. கணிதம் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. எனக்கு 88, 82, 90, ஆக 174. பொதுப் பட்டியலில் இது சுமார்தான். கைகொடுத்தது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் இது உண்டு; கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. எதிர்வீட்டுத் தோழியின் அப்பாவும் அதே கடலுக்குத்தான் போகிறார். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அவளுக்குக் கிடையாது. இதில் என்ன நியாயமோ! முதல் பட்டதாரிச் சலுகைதான் அவளுக்கு மிச்சம்.

உண்மையான தலைவலி, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று கலந்தாய்வுக்கு வரிசையாகப் போட்டுத் தரும் விருப்பப் பட்டியல்.

"இஞ்சின் வேலைக்குப் பொம்பளப் புள்ளைய யாரு கூப்பிடுவா? கம்ப்யூட்டரே எடு தாயி" என்றார் அப்பா. எனக்கு மெக்கானிக்கல்தான். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் போக வழிவிடத் தூக்கும் பகுதியை அப்போதெல்லாம் ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் எழுந்தது. அதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, எதிர் எடையும் மோட்டாருமாக 17 மீட்டர் நேராக மேலே போகிறது. இதைப் பார்த்து வளர்ந்தவளிடம் கோடிங் படி என்றால்?

"கிடைக்கிற காலேஜை மேல போடு" என்று தெருவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அது தப்பு. நம் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுப்பார்கள். பெரிய கல்லூரியை மேலே போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது. மதுரை தியாகராசர், காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி என்று ஆசைப்பட்ட வரிசையிலேயே போட்டேன், எல்லாம் மெக்கானிக்கல். அப்பாவுக்காக அடியில் சில கம்ப்யூட்டர்.

காரைக்குடி வந்தது. இடத்தை வைத்துக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆனால் மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. நான் காத்திருக்கவில்லை, சேர்ந்துவிட்டேன்.

தம்பி இப்போது பத்தாவது. அவனுக்குப் பாலிடெக்னிக் யோசிக்கிறோம். மூன்று வருட டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அப்பா இந்த முறை கம்ப்யூட்டர் பேச்சே எடுக்கவில்லை. "மெக்கானிக்கல்னா போட் இஞ்சினையும் பாத்துக்குவான்ல?" என்கிறார்.